கட்டி முடியும்வரை வட்டி யார் கட்டுவது?

ஆசிரியருக்கு,

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரை வட்டி விகிதத்தோடு நின்றுவிட்டது. வீடு வாங்கக் கிடைக்கும் கடன் வேறு, வீடு கட்டக் கிடைக்கும் கடன் வேறு. கட்டுமானக் கடனைப் பொதுவாக வங்கி மொத்தமாகத் தராது. அஸ்திவாரம், சுவர், கூரை என வேலை நடந்த அளவைப் பார்த்துத்தான் பகுதி பகுதியாக விடுவிக்கும். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி, சரி. ஆனால் வாடகையே வராத மாதங்களிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கணக்கில் வைக்காமல் இறங்கிய நான், பாதியில் குறுகியகாலக் கடன் வாங்கினேன். அதற்கு வட்டி இன்னும் அதிகம். அப்புறம், இருக்கும் வீட்டை அடமானம் வைத்து முன்பணம் திரட்டச் சொல்கிறவர்கள், புதியது காலியாகக் கிடந்தால் பழையதும் கைவிட்டுப் போகலாம் என்பதைச் சொல்வதே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்