கணிப்பின் நடுவில் கிடைப்பவை

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்து இரண்டு வாரங்களாகின்றன. வீட்டில் எல்லோரும் நலம். மாரி தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் சற்றுக் கூடியிருக்கிறது. கிணற்று நீர் இரண்டு படி மேலே வந்துவிட்டது.

ஆர் (R) என்னும் நிரல்மொழியில் ஒரே சார்பைப் பல நூறு தடவை அழைக்கும்போது இடையில் கிடைக்கும் பெறுமானங்களை எவ்வாறு கைப்பற்றுவது என்று நீர் கேட்டிருந்தீர். கடந்த மாதம் இதே விடயத்தில் நான் ஓர் இரவு வேலையை முழுவதுமாக இழந்ததால், உமக்குச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் 120 இல் எடுத்த நைத்திரேற்று அளவீடுகள் என்னிடம் இருக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவை ஒரு கிணறு தாண்டுவதற்கான நிகழ்தகவை மதிப்பிட்டு, அதன் நம்பிக்கை ஆயிடையை, அதாவது உண்மைப் பெறுமானம் அடங்கக்கூடிய வீச்சை, பிராட்லி எஃப்ரோன் 1979 இல் முன்வைத்த பூட்ஸ்ட்ரப் முறையால் காண முயன்றேன். இருக்கும் தரவிலிருந்தே மீண்டும் மீண்டும் எழுமாற்றாக மாதிரி எடுத்துக் கணிப்பதே அந்த முறை. ஒரு மீள்மாதிரிக்கு ஏறத்தாழ 12 செக்கன் எடுத்ததால், 2000 மாதிரிகளுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் வேண்டியிருந்தது. ஐந்தாவது மணித்தியால முடிவில் மின்சாரம் நின்றது. மின்கலம் பழுதான என் கணினியும் உடனே அணைந்தது. அதுவரை முடிந்திருந்த 1500 விடைகளும் நினைவகத்தில் மட்டுமே இருந்தபடியால் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்போது 50 மாதிரிகளை ஒரு தொகுதியாக்கி, ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அதை சேவ்ஆர்டிஎஸ் (saveRDS) கட்டளையால் தனிக் கோப்பாக வட்டில் எழுதுகிறேன். நிரல் மீண்டும் தொடங்கும்போது எந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதோ அந்தத் தொகுதியைத் தாண்டிச் செல்கிறது; ஆகவே எந்த நேரத்தில் மின்சாரம் நின்றாலும் நான் இழப்பது பத்து நிமிட வேலைதான். எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்தால் அரைகுறைக் கோப்பு ஒன்று முழுமையானதுபோலக் கிடக்கும் என்பதால், முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எழுதி முடிந்த பின்னரே சரியான பெயருக்கு மாற்றுகிறேன்.

இதைவிட ஆபத்தான ஒரு பிழையைத் தற்செயலாகவே கண்டேன். நிரலின் தலைப்பில் செற்சீட் (set.seed) கட்டளை கொண்டு எழுமாற்று எண்களின் தொடக்கத்தை நிலைநிறுத்தியிருந்தேன். மூன்று தொகுதிகள் முடிந்ததும் வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி ஓடவிட்டபோது, நான்காம் தொகுதியின் 50 விடைகளும் முதற்தொகுதியின் விடைகளோடு கடைசித் தசமதானம் வரை ஒத்திருந்தன. தாண்டப்பட்ட தொகுதிகள் எழுமாற்று எண்களைச் செலவழிக்காததால், தொடர் மீண்டும் முதலிலிருந்தே வந்திருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரே மாதிரிகள் இரு தடவை எண்ணப்பட்டு, ஆயிடை பொய்யாகிவிடும். இப்போது எந்த மாதிரியில் எந்தக் கிணறுகள் இடம்பெறும் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவுசெய்து, 120 நிரை, 2000 நிரல் கொண்ட தாயமாகச் சேமித்துவிடுகிறேன். இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் முழு எண்கள் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

உமது சிக்கல் சற்று வேறானது. ஒரு சார்பின் மிகச்சிறிய பெறுமானத்தைத் தரும் பரமானங்களை, அதாவது மாற்றிப்பார்க்கும் எண்களை, தேடும் ஒப்டிம் (optim) கட்டளை உமது சார்பைத் தானே அழைப்பதால், நடுவில் நீர் கைவைக்க இடமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் செய்கையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் மாணவனைப்போல அது இறுதிப் பரமானங்களை மட்டுமே தருகிறது. சார்புக்குள் உருவாக்கிய மாறி, சார்பு முடிந்ததும் மறைந்துவிடும். எனவே சார்புக்கு வெளியே உள்ள சூழலில் ஒரு வெற்றுப் பட்டியலை முதலில் உருவாக்கி, ஒவ்வோர் அழைப்பிலும் பரமானங்களையும் பெறுமானத்தையும் வெளியே உள்ள மாறியை மாற்றும் இரட்டை அம்புக்குறியால் (<<-) அதில் சேர்க்கவேண்டும். பட்டியலை முன்னரே உருவாக்க மறந்தால், சேர்ப்பதற்கு எதுவும் கிடைக்காமல் நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்; முழு அமர்வுக்கும் பொதுவான சூழலில் அதே பெயரில் பழைய பட்டியல் கிடந்தால் அதிலேயே சேர்த்துவிடும். ஆகையால் பட்டியலையும் சார்பையும் சேர்த்துத் தரும் ஒரு தாய்ச்சார்பை எழுதும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனிப்பட்டியல் கிடைக்கும்.

அப்படிச் சேமித்ததும் ஒப்டிம் அறிவிக்கும் அழைப்பு எண்ணிக்கையைவிடப் பல மடங்கு வரிகள் உமது பட்டியலில் இருக்கும். அதைக் கண்டு குழம்பவேண்டாம். சார்பின் சரிவைப் பார்த்துத் தேடும் பி.எஃப்.ஜி.எஸ். (BFGS) முறையில் நீர் பெறுதியைக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு பரமானத்தையும் சிறிது கூட்டியும் குறைத்தும் அழைத்து அது தானே அந்தச் சரிவை, அதாவது படித்திறனை, கணிக்கிறது. உமது ஐந்து பரமானங்களுக்கு ஒரு படித்திறனுக்கே பத்து அழைப்புகள். இவற்றை ஒப்டிம் தன் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஒரு பரமானம் மட்டும் வழமையாக 0.001 அளவு நகர்ந்திருக்கும் வரிகளாக இவற்றை அடையாளம் காணலாம்.

அவற்றை நீக்கிவிட்டு மிகுதியை எனக்கு அனுப்பும். வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து வெவ்வேறு விடைகள் வருவதாக எழுதியிருந்தீர் அல்லவா? பாதைகள் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்த்தால் காரணம் பிடிபடக்கூடும். தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், அவற்றை வரைபடத்தில் குறித்து இருவருமாக ஆராய்வோம்.

அன்புடன்,
உமது பழைய அறைத்தோழன்.