பச்சிளங்குழந்தை வார்டுக்கு டாப்ளர் ஸ்கேன் கேட்டு ஒரு தாயின் மனு

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மூச்சுத்திணறலோடு பிறந்து குளிரூட்டும் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்குப் படுக்கையருகிலேயே மூளை ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வசதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

என் மகன் பிறந்தவுடன் அழவில்லை. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. மூளைச் சேதத்தைக் குறைக்க ஆறு மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரூட்ட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே உடம்புச் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருந்தார்கள். "பச்சப் பிள்ளையை யாராவது குளிர வைப்பார்களா?" என்று என் மாமியார் வார்டு வாசலில் அழுதார். நான் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூளைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று பார்க்க டாக்டர் நினைத்தார். வார்டில் ஸ்கேன் மெஷின் இருந்தது. உச்சிக்குழியில் வைக்கும் சின்ன ப்ரோப் இல்லை. ஸ்கேன் அறையோ அடுத்த கட்டடத்தில். குளிர் மெத்தையிலிருந்து பிள்ளையைத் தூக்கிப் போக முடியாது. ஐந்தாம் நாள்தான் பார்த்தார்கள்.

மூச்சு முட்டிய மூளையில் ரத்தக்குழாய்கள் ஓட்டத்தைத் தாமே சீராக்கும் திறனை இழக்கலாம் என்று பிறகு டாக்டர் விளக்கினார். அடுத்த ஓரிரு நாளில் ரத்தம் அளவுக்கு மீறிப் பாயவும் கூடும். ரத்தக்குழாயில் ஓட்டத்துக்கு எவ்வளவு தடை என்று டாப்ளரில் காட்டும் எண்ணான தடைக் குறியீடு 0.55-க்குக் கீழே போனால் கவலைதான். குளிரூட்டும்போது அந்த எண் அவ்வளவு நம்பகமில்லை. அதனால் மறுபடி சூடாக்கிய பிறகும் பார்க்க வேண்டுமாம்.

இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில் குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிரூட்டாதவர்களில் 31 சதவீதம். படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. சிகிச்சையை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, அது மருத்துவர்கள் முடிவு. ஆனால் செய்கிற இடத்தில் ஓட்டத்தைப் பார்த்துச் செய்யட்டும்.

எனவே, குளிரூட்டல் நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டுக்கும் ப்ரோப்போடு ஒரு டாப்ளர் மெஷினும், இரவிலும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெஷினைப் பதிவு செய்யும் வேலையைத் துறையே முடித்துத் தர வேண்டும். ரிப்போர்ட்டின் நகலைப் பெற்றோரிடம் கொடுக்க உத்தரவிட வேண்டும்.

முன்பே பார்த்திருந்தால் என் மகனுக்கு எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு இப்போது 14 மாதம். சுவரைப் பிடித்து நிற்கிறான். வலது கை விரல்கள் இன்னும் மூடியே இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)