எங்கள் கோழிக்கூடு மறுபடியும் நிறையத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோழிகளைக் கூட்டத்தோடு கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் எங்கள் வாசலில் என்ன செய்துவிட்டுப் போனது என்பது கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை கோழி வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்கு மனமில்லை. நேற்று மாலை முதல் கூட்டில் திரும்பவும் கொக்கரிப்பும் சண்டையும் கேட்கின்றன. அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே நன்றியை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடித் தந்த தெருப் பிள்ளைகளுக்கும், விடுமுறை நாளில் அழைத்தபோதும் சலிக்காமல் பதில் சொன்ன கால்நடை மருத்துவருக்கும், தடுப்பு மருந்தோடு பனிக்கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டியைத் தம் இருக்கையருகே வெயில் படாமல் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த பேருந்து நடத்துநருக்கும், பழைய தீவனப் பாக்கியைப் பற்றி வாய் திறக்காத கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். உங்களில் யாருக்கும் இது எந்த வகையிலும் குறைந்த நன்றியன்று. ஆனால், இன்று நான் விரித்து எழுத விரும்புவது எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் சேச்சி ஒருவரைப் பற்றி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செத்தவை வெறும் கோழிகளாக இருந்திருந்தால் சந்தையில் வேறு வாங்கியிருப்போம். எங்களிடம் இருந்தது என் மாமியார் காலத்திலிருந்து தேர்ந்தெடுத்து நிறுத்திய வம்ச வழி. அடையில் நன்றாக உட்கார்ந்து, குஞ்சைப் பருந்துக்குக் கொடுக்காமல் மேய்க்கும் கருங்கால் பெட்டைகள். ஆண்டுக்கு 60, 80 முட்டைதான் இடும் என்பது உண்மை. கேரளத்து மண்ணுத்தியில் உருவாக்கிய கிராமலட்சுமி இனக் கோழி அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடும் என்பதும் உண்மை. ஆனாலும் இன்குபேட்டர் இல்லாத வீட்டில் அடுத்த தலைமுறையைப் பொரித்துத் தருவது நாட்டுப் பெட்டையின் வயிற்றுச் சூடுதான். அந்த வழி அறுந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். முன்பு எப்போதோ எங்களிடம் ஓர் அடைக்கு முட்டை வாங்கிப் போன சேச்சி வீட்டில் அது உயிரோடு இருந்தது எங்களுக்கு நினைவிலேயே இல்லை.

செய்தி கேட்ட அன்றே அவர் முட்டை விற்பதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் எங்களையும் வர விடவில்லை. செருப்பில் ஒட்டிய எச்சம் போதும், நோய் அடுத்த வாசலுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் கூட்டுத் தரையை வழித்தெறிந்து, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயப்போட்டு வைத்திருந்த காலம் முழுவதும், எங்கள் பேரில் அவரே தம் பெட்டைகளை அடை வைத்தார். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க, வழக்கப்படி முட்டைக்கு அடியில் கரித்துண்டும் ஆணியும் மிளகாய் வற்றலும் போட்டாராம். இடிக்கு அது காவலா என்று நான் வாதாட மாட்டேன். 21ஆம் நாள் குஞ்சு வந்தது. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் வெள்ளைக்கழிச்சலுக்கான ஆர்2பி தடுப்பூசி என்று எதையும் விடாமல் போட்டு, அதன் பிறகுதான் கூடையில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

கூடையைத் திறந்தபோது ஒவ்வொரு குஞ்சின் காலிலும் நூல் கட்டியிருந்தது. ஒரு பெட்டையின் முட்டையில் பொரித்தவைக்குச் சிவப்பு, மற்றொன்றுக்கு நீலம், வெளியூர்ச் சேவலோடு சேர்த்தெடுத்தவைக்கு மஞ்சள். உடன்பிறந்ததை உடன்பிறந்ததோடு சேர விட்டால் நாளடைவில் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். எதை எதோடு விட வேண்டும் என்று நாங்கள் குழம்பக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வளரும் குஞ்சுக்குக் கட்டிய நூலை அப்படியே விட்டால் அது காலை இறுக்கிப் புண்ணாக்கிவிடும். ஆகவே கால் பருக்கப் பருக்க ஒவ்வொன்றையும் பிடித்து, அவிழ்த்து, தளர்த்தி மறுபடியும் கட்டியிருக்கிறார். கண் மங்கிய வயதில், விளக்கு வெளிச்சத்தில், தமக்குச் சொந்தமில்லாத குஞ்சுகளுக்கு! தீவனச் செலவையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "முதல் அடை முட்டையை யாராவது கேட்டால் கொடு" என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு போய்விட்டார்.

சேச்சி, கொடுப்போம். எங்கள் வழியை இனி ஒரே கூட்டில் பூட்டி வைக்க மாட்டோம். வெவ்வேறு தெருக்களில் இரண்டு மூன்று வீடுகளிலாவது அது மேயும்.

இன்னொன்றும் உறுதி கூறுகிறேன். இந்தத் தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கான அளவில்தான் வருகிறது. கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் பாட்டி அதை எப்படி வாங்குவார்? எனவே நாங்கள் குப்பி திறக்கும் மாலையில் தெருவில் உள்ள எல்லாக் கோழிகளுக்கும் போடுவோம், காசு கேட்க மாட்டோம். கோழிகள் கூடடைந்த பிறகு வருவோம். பிடித்து மட்டும் கொடுங்கள்.

ஆடி மாதக் கறிக்கும் வாராந்தர முட்டைக்கும் முன்பணம் தந்துவிட்டு இதுவரை ஒருவர்கூடத் திருப்பிக் கேட்காத வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு விடைக்கோழி முட்டையிடத் தொடங்க ஆறு, ஏழு மாதம் ஆகும். இந்தக் குஞ்சுகளில் சேவல்களைக்கூட வழிக்குத் தேவையானவற்றைப் பிரித்த பிறகே கறிக்குத் தர முடியும். காத்திருக்க இயலாதவர்கள் தயங்காமல் வீட்டுக்கு வந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். காத்திருப்பவர்களுக்குப் பழைய விலைக்கே தருவோம்.