இரண்டு பிறந்தநாள் கொண்டாட வைத்தவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து உறவுகளுக்கும் நோர்வூட் பக்கத்து நண்பர்களுக்கும் அன்பு வணக்கம்.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளைக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். சமைத்தவர்களுக்கும், கதிரை தூக்கியவர்களுக்கும், அந்த மழையிலும் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து நடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வந்தவர்களில் பாதிப்பேர் என்னுடைய பத்தாவது பிறந்தநாள் கேக்கைப் பற்றித்தான் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கதை தெரியாத பிள்ளைகள் "என்ன கேக்கு, என்ன கேக்கு" என்று துளைத்துவிட்டார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்றைக்குக் கைகொடுத்தவர்களுக்கு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நன்றி சொல்லவும் இதுவே நல்ல நேரம்.

என் பிறந்தநாள் என்றாலே எங்கள் வீட்டில் வழக்குதான். அப்பாவுக்கு அது நவம்பர் 12. அம்மாவுக்கு அது தீபாவளிக்கு மறுநாள். இரண்டும் சரி. நான் பிறந்த வருடம் தீபாவளி நவம்பர் 11ஆம் தேதி வந்தது. ஆனால் தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிற பண்டிகை. ஒரு வருடம் பத்துப் பதினொரு நாள் முந்தும், இன்னொரு வருடம் சட்டென்று பின்னுக்குப் போகும். ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் எங்கேயும் வரலாம். அம்மாவின் கணக்கில் என் பிறந்தநாளும் அதோடு சேர்ந்து நகரும். "பட்டாசுக் குப்பையக் கூட்டிக்கிட்டு இருந்தப்பத்தான் வலி வந்துச்சு, எனக்குத் தெரியாதா?" என்பார் அம்மா. அப்பா பதில் பேசமாட்டார். தகரப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைப்பார்.

அந்தக் காகிதத்தின் மேல் அப்பாவுக்கு இருந்த பிடிப்பைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தாத்தா இந்த மலையில் காடு வெட்டி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, எந்த நாட்டுப் பத்திரமும் கையில் இல்லாமலே கண்மூடினார். 1964இல், எங்கள் ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பிரித்து ஏற்றுக்கொள்வதென்ற சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபிறகு தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. அதனால்தான் நான் பிறந்ததும் 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று அப்பா ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஓடினார். அதில் எழுதியிருக்கும் தேதியை யாரும் அசைக்க அவர் விடமாட்டார்.

எனக்குப் பத்து வயதாகும் வருடம் தீபாவளி ஒக்டோபரிலேயே வந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது அவள் சொல்கிற நாளில் செய்வோம் என்று அப்பா மனதுக்குள் முடிவு கட்டினார். தீபாவளி முற்பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி ஹட்டனில் கேக்குக்குச் சொல்லிவிட்டு வந்தார். அம்மாவோ, இந்த முறை அவர் தேதியிலேயே இருக்கட்டும் என்று சீட்டுப் பணத்தை எடுத்து, நவம்பர் 12க்கு டெய்லர் மாமாவிடம் கவுன் தைக்கக் கொடுத்திருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் பின்னேரம் ஹட்டனிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அப்பா கேக் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மிதிபலகையில் நின்றார். கண்டக்டர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அய்யா, பெட்டிய முன்னுக்குக் குடுங்க" என்று வாங்கி ஆள்மேல் ஆளாகக் கைமாற்றினார். முன்னால் இன்ஜின் மூடியின் மேல் வைக்கப் போனபோது டிரைவர் கத்தினாராம், "அங்க வைக்காதீங்கப்பா, சூட்டுல ஐசிங் உருகிரும்!" அப்புறம் டிக்கோயாவில் ஏறிய ஒரு ஆச்சி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அத்தனை வளைவுக்கும் கையை எடுக்கவில்லை. இறங்கும்போது, "பொம்பளப் புள்ளையா? நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த ஆச்சி யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ரோட்டிலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் குறுக்குப் பாதையில் ஏறும்போது மழை கொட்டியது. கீழ் லயத்துச் சித்தப்பா, வீட்டில் கிடந்த படங்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் போர்த்தினார். அப்பாவும் அவரும் தொப்பலாக நனைந்தார்கள். கேக்கின் ஒரு மூலை மட்டும்தான் நசுங்கியிருந்தது.

பெட்டியைத் திறந்தோம். கேக்கில் எழுத்தெல்லாம் சிங்களம். கடையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்று இல்லையாம். பேர் பிழையில்லாமல் வரட்டும் என்று அப்பா சான்றிதழின் போட்டோக்கொப்பியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கூடியிருந்தவர்களில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா அக்கா ஒருவர்தான். அவர் விளக்கைக் கிட்டப் பிடித்து, என் முழுப் பேரையும் சத்தமாக வாசித்தார். அதோடு நிறுத்தாமல் கீழ் வரியையும் வாசித்தார்: "நவம்பர் 12."

பேரைப் பார்த்து எழுதிய கை தேதியையும் பார்த்து எழுதிவிட்டது!

அம்மாவின் முகம் மாறியது. "என் நாள்லயும் ஒங்க தேதியத்தான் எழுதிக் கொண்டாந்தீங்களா?" அப்பா ஈரச் சட்டையோடு நின்று சத்தியம் செய்தார். அந்த ஆத்திரத்தில்தான் அம்மா கவுன் கதையையும் சீட்டுக் கதையையும் போட்டு உடைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பா மெதுவாக, "அப்ப நீ என் தேதிக்கா தைக்கக் குடுத்த?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக் காம்பராப் பெரியம்மா ஒரு கரண்டியை எடுத்து, தேதியை ஐசிங்கோடு வழித்து என் வாயில் திணித்தார். "இப்ப தேதி புள்ள வயித்துல. வெட்டுங்கடி!" அம்மா சிரித்த சிரிப்பில் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையும் சிரித்துவிட்டார். கேக் மெழுகுதிரி இல்லாததற்கு, எங்கள் தோட்டத்துக் கடை முதலாளி வீட்டில் ஏற்றுகிற மெழுகுதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டார், கணக்கில் எழுதவேயில்லை.

நவம்பர் 12ஆம் தேதி கவுன் வந்தது. டெய்லர் மாமா மிச்சத் துணியில் தலைக்கு ஒரு ரிபனும் தைத்திருந்தார். டொபிப் பக்கெட்டோடு வகுப்புக்குப் போனேன். ஏற்கனவே கேக் தின்ற பிள்ளைகள் "டீச்சர், இவளுக்கு ரெண்டாவது தடவ!" என்று கத்தினார்கள். டீச்சர் காரணம் கேட்டுவிட்டு, இரண்டு தடவை பாடச் சொன்னார்.

பெரியம்மா, சித்தப்பா, பிள்ளைக் காம்பரா அக்கா, டெய்லர் மாமா, டீச்சர், கடை முதலாளி குடும்பத்தார், உங்கள் எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் பாயாசம் வைக்கிறோம். அந்தக் கண்டக்டர் அண்ணனையும் டிரைவரையும், டிக்கோயா ஆச்சியின் குடும்பத்தையும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் ஸ்டோர் லயத்து மகள்