ஹவாய் அரை டாலரின் மறுபக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நினைவு நாணயங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், அமெரிக்கா 1928-இல் வெளியிட்ட ஹவாய் அரை டாலர் வெள்ளி நாணயமும் இடம்பெற்றிருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் முகப்பில் உள்ள, 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடற்பயணி கேப்டன் ஜேம்ஸ் குக்கைப் பற்றியும், சேகரிப்பாளர்களிடையே அந்த நாணயத்துக்கு இருக்கும் கிராக்கியைப் பற்றியும் விரிவாகப் பேசிய கட்டுரை, பின்புறத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அந்தப் பின்புறமே முக்கியமாகப் படுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குக் தமது மூன்றாவது கடற்பயணத்தின்போது, 1778 ஜனவரியில், ரெசொல்யூஷன், டிஸ்கவரி என்னும் இரு கப்பல்களுடன் ஹவாய்த் தீவுகளை அடைந்ததன் 150-ஆம் ஆண்டு நினைவாக இந்நாணயம் அச்சிடப்பட்டது. 90 விழுக்காடு வெள்ளி கொண்டது, எடை 12.5 கிராம். சுமார் 10,000 நாணயங்களே அச்சிடப்பட்டன. அரை டாலர் முகமதிப்புள்ள நாணயத்தை 2 டாலருக்கு விற்று, கிடைத்த வருவாயைக் குக் நினைவாக ஹவாய் ஆவணக் காப்பகத்தில் ஒரு தொகுப்பை உருவாக்க ஒதுக்கினார்கள்.

பின்புறத்தில் குன்றின் உச்சியில் ஹவாய்த் தலைவர் ஒருவர் இறகுத் தலைக்கவசமும் இறகு மேலங்கியும் அணிந்து, கையில் ஈட்டியுடன், மறு கையை நீட்டி நிற்கிறார். கீழே வைகிகி கடற்கரையும் டைமண்ட் ஹெட் மலையும் தெரிகின்றன. ஹவாயில் வாழ்ந்த ஓவியர் ஜூலியட் மே ஃபிரேசர் வரைந்த இந்த உருவத்தை வெறும் அலங்காரமாகக் கொள்ள முடியாது. சிவப்பும் மஞ்சளுமான சிறு இறகுகளை வலைப்பின்னலில் கொத்துக் கொத்தாகக் கட்டிச் செய்த அத்தகைய மேலங்கி, பெருந்தலைவர்களுக்கே உரியது. 1779 ஜனவரியில் கேயலகேகுவா விரிகுடாவில் அரசர் கலானியோபு தாம் அணிந்திருந்த மேலங்கியையும் தலைக்கவசத்தையும் கழற்றிக் குக்குக்கே அணிவித்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. திருட்டுப்போன ஒரு படகுக்காக அதே அரசரைப் பிணையாகப் பிடித்துச் செல்ல முயன்ற குக், பிப்ரவரி 14 அன்று அங்கேயே கொல்லப்பட்டார். அந்த மேலங்கி இங்கிலாந்துக்கும் பின்னர் நியூசிலாந்துக்கும் சென்று, 2016-இல்தான் ஹோனலுலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

நாணயத்தின் முகப்போ குக்கை ‘ஹவாயைக் கண்டுபிடித்தவர்’ என்கிறது. தாம் சென்றபோது அங்கே மக்கள் நிறைந்திருந்ததையும், அவர்கள் பேச்சு தெற்கே வெகு தொலைவில் உள்ள தஹிதித் தீவு மக்களின் பேச்சை ஒத்திருந்ததையும் குக் நன்கு அறிந்திருந்தார். இவ்வளவு பரந்த கடலில் ஓர் இனம் எவ்வாறு இத்தனை தொலைவு பரவியது என்று தம் குறிப்பேட்டில் வியந்தவரும் அவர்தான். முதல் பயணத்தில் அவருடன் கப்பலில் வந்த தஹிதிக்கு அருகிலுள்ள ரயதேயா தீவின் கடலோடி துபாயா, சுற்றியிருந்த தீவுகளின் இருப்பிடங்களை நினைவிலிருந்தே சொல்லி வரைபடம் உருவாக உதவியிருந்தார். ஆகவே அந்த வாசகம் குக்கின் சொந்த அறிவுக்கே பொருந்தாதது. 1893-இல் ஹவாய் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, 1898-இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்ட பிறகு எழுதப்பட்டது. மன்னர் கலாகாவாவின் உருவத்துடன் 1883-இல் வெளிவந்த ஹவாயின் சொந்த வெள்ளி நாணயங்களில் பெரும்பகுதி இந்த இணைப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹவாய், தஹிதி உள்ளிட்ட பசிபிக் தீவுகளின் மக்களான பாலினேசியக் கடலோடிகள் தற்செயலாகக் காற்றில் அடித்துச் செல்லப்பட்டே இத்தீவுகளை அடைந்தார்கள் என்று 20-ஆம் நூற்றாண்டிலும் வாதிட்டவர்கள் உண்டு. 1976-இல் ஹோகுலேயா என்னும் இரட்டைத் தோணி மவுயி தீவிலிருந்து தஹிதிக்குச் சென்று, அவ்வாதத்துக்கு நேரடியாகப் பதில் அளித்தது. மேற்குப் பசிபிக்கில் உள்ள மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மவு பியாலுக், கருவி எதுவுமின்றி விண்மீன்களையும் கடல் அலைகளின் போக்கையும் கொண்டே அதை வழிநடத்தினார்.

குக்கின் கடலோடும் திறமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று; பசிபிக் கடலை அவர் அளவுக்குத் துல்லியமாக வரைந்தவர்கள் அவர் காலத்தில் அரிது. இக்கட்டுரை நூலாக வெளிவருமானால், நாணயத்தின் இரு பக்கங்களையும் ஒரே அளவில் அச்சிட்டு, பின்புறப் படத்தின் கீழ், குக் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தோணியில் வந்து அத்தீவுகளில் குடியேறியவர்களைப் பற்றியும் நான்கு வரிகள் சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.