கோரிக்கை மனு: துமாஸ் வீதியில் வீட்டு வாசல்களை அடைத்து நிறுத்தப்படும் வாகனங்கள் குறித்து

அனுப்புநர்:
துமாஸ் வீதியில் குடியிருப்பவர், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்.

பொருள்: சனி, ஞாயிறுகளில் வாசலை மறிக்கும் கார்கள் – நான்காவது முறையாக முறையிடுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாதங்களில் மனுக் கொடுத்தேன். மூன்றுக்கும் முத்திரை வைத்த நகல் என்னிடம் இருக்கிறது. பதில் எதற்கும் வரவில்லை. எங்கள் வீதி தாங்கள் அறிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்குத் தடை. நல்ல ஏற்பாடு, அதை நான் குறை கூறவில்லை. ஆனால் தடுப்பு வைத்ததும் திரும்பும் கார்கள் எல்லாம் அதற்கு அடுத்த வீதியான எங்கள் வீதிக்குள் நுழைந்துவிடுகின்றன.

2. எங்கள் வீதி இருக்கும் வெள்ளை நகரம், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பகுதி; இங்கே வீடுகளுக்கு முன்னால் திறந்த வெளி கிடையாது. மரமும் முற்றமும் மதிலுக்கு உள்ளே. படி இறங்கினால் தெரு. ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டி போன காலத்து வீதி இது. படியை ஒட்டி ஒரு கார் நின்றால் வீடே அடைபட்டுப் போகிறது.

3. என் தாயாருக்கு வயது 81. செவ்வாய், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ். சனிக்கிழமை திரும்ப ஆறரை ஆகிவிடும். அந்த நேரத்தில் ஆட்டோ ரோமன் ரோலண்ட் வீதி முனையைத் தாண்ட முடிவதில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, அதில் அம்மாவை உட்கார வைத்து, நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கார்களுக்கு இடையே பக்கவாட்டில் நடக்கிறோம். ஊசி குத்திய கையை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். போன சனிக்கிழமை ஒரு காரின் கண்ணாடி அந்தக் கையிலேயே இடித்து, கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. வாசலுக்கு வந்தால், எங்கள் மஞ்சள் சுவரில் சாய்ந்து சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம், எடுத்து முடித்துவிடுகிறோம்" என்றார்கள். அம்மாவை நாற்காலியோடு தெருவில் இறக்கி வைத்துக் காத்திருந்தேன் ஐயா. சொந்த வீட்டு வாசலில்!

4. "அங்கே இருப்பவர்கள் வசதியானவர்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம்" என்று தங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் என் காதுபடச் சொன்னார். இந்த வீட்டுக்கு யாரோ கோடியில் விலை பேசுகிறார்கள் என்பதற்காக அம்மாவின் கை வலிக்காமல் போய்விடுமா? பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக விடுதியாகிவிட்டன. மிச்சம் இருக்கும் நாங்களும் விற்றுவிட்டுப் போக வேண்டுமா? கேட்டால் சுற்றுலா என்கிறார்கள். குடியிருப்பவர்கள் எல்லாம் போன பிறகு எதைப் பார்க்க வருவார்கள்?

5. நான் கேட்பது பெரிதல்ல. வாசல்களுக்கு முன்னால் வாகனம் நிறுத்தத் தடைக் கோடு. சனி, ஞாயிறு மாலைகளில் வீதி முனையில் ஒரு காவலர். குடியிருப்பவர்களின் வாகனங்களில் ஒட்ட ஓர் அனுமதி வில்லை. மற்ற வாகனங்களைப் பழைய துறைமுகம் பக்கம் திருப்பிவிடலாம்.

கோடு மட்டுமாவது போடுங்கள் ஐயா. ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமையும் டயாலிசிஸ் உண்டு. ஆறரை மணிக்கு அம்மாவோடு முனையில் நிற்பேன். தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துமாஸ் வீதிக் குடியிருப்பாளர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.