கதவைத் திறந்து வரைந்து பார், தம்பி

சத்துவாச்சாரி,
வேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

காட்பாடி வீட்டுத் தலைவாசலுக்கு நீ ஸ்கெட்ச்அப் மென்பொருளில் வரைந்த வளைவுக் கதவு வந்து சேர்ந்தது. மூடியிருக்கும்போது லட்சணமாக இருக்கிறது. ஆனால் கீல் மூலையைப் பிடித்துக் கதவைத் திருப்பினால் சுவருக்குள் கொஞ்சம் புகுந்துவிடுகிறது. ஆசாரி மரம் அறுப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்துவிட வேண்டும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வரை.

முதலில் வளைவு. வாசக்காலுக்கு உள்ளே 1200 மி.மீ. அகலம், தரையிலிருந்து 2100-இல் வளைவு பிறக்கிறது, ரைஸ், அதாவது அங்கிருந்து உச்சிவரை உயரம், 300, உச்சி 2400. இந்த அளவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, மாற்றாதே. பாதி அகலத்தின் வர்க்கத்தோடு ரைஸின் வர்க்கத்தைக் கூட்டி, ரைஸின் இரு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும்: 3,60,000 கூட்டல் 90,000, அதை 600-ஆல் வகுத்தால் 750. வட்டத்தின் மையம் வளைவு பிறக்கும் கோட்டுக்கு 450 கீழே விழும். 450, 600, 750 என்பது மேஸ்திரி மூலைமட்டம் பார்க்கும் அதே 3, 4, 5 கணக்கு. தரையில் கயிறு பிடித்தே சரிபார்த்துவிடலாம்.

டூ பாயிண்ட் ஆர்க் கருவியை எடுத்து இடப்புள்ளி, வலப்புள்ளி இரண்டையும் தொட்டு, மேலே இழுத்து 300 என்று அடி. வளைவைத் தேர்ந்தெடுத்து அளவுகளைக் காட்டும் என்டிடி இன்ஃபோ பெட்டியில் ஆரம் 750 காட்டுகிறதா என்று பார். நீ வளைவை 12 துண்டாகவே விட்டிருக்கிறாய். மென்பொருளில் வளைவு என்பதே சின்னச் சின்ன நேர்கோடுகள்தான். 12 துண்டில் ஒவ்வொரு கோடும் உண்மையான வளைவிலிருந்து 2.2 மி.மீ. வரை உள்ளே வாங்குகிறது. கதவுக்கும் வாசக்காலுக்கும் நாம் விடும் இடைவெளியே 3 மி.மீ.தானே! வரையும்போதே 24 என்ற எண்ணோடு எஸ் எழுத்தைச் சேர்த்து அடித்தால் பிழை அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். வாசக்கால், கதவு இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். ஒன்று 12, ஒன்று 24 என்றால் இடைவெளி ஒரே சீராக இருக்காது.

அடுத்தது வாசக்காலின் வெளிவளைவு. உள்வளைவை அப்படியே நகலெடுத்து 75 மேலே நகர்த்தியிருக்கிறாய். உச்சியில் 75 பருமன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வளைவு பிறக்கும் இடத்தில் அளந்து பார், 45-தான் வரும். இணைப்பு விழுவது அங்கேதான், மரம் மெலிந்திருப்பதும் அங்கேதான். நகர்த்தாதே, ஆஃப்செட் கருவியில் 75 கொடு. மையம் ஒன்றாகவே இருக்க, வெளிவளைவின் ஆரம் 825 ஆகும். நிற்கும் காலும் வளைவும் சேரும் கோடு லேசாகச் சாய்ந்து, வெளிப்பக்கம் 24 மி.மீ. மேலே ஏறி நிற்கும். அரைவட்டமாக இருந்தால் இந்தச் சாய்வு வராது, இது தட்டை வளைவு என்பதால் வருகிறது. படத்தில் பிழை என்று நினைத்து நேராக்கிவிடாதே.

கதவின் வளைவு 750-ம் இல்லை. வாசக்காலில் கதவு உட்கார 12 மி.மீ. காடி, அதாவது பள்ளம், எடுக்கிறோம், அதில் 3 இடைவெளி விடுகிறோம். ஆக, காடியின் ஆரம் 762, கதவின் ஆரம் 759. ஒரு கதவை வரைந்து காம்பொனென்ட் ஆக்கி (ஒன்றில் செய்த மாற்றம் எல்லா நகலிலும் வரும்), நகலெடுத்து சிவப்பு அச்சில் புரட்டிவிட்டால் மற்றதும் தயார். பூட்டையும் தாழ்ப்பாளையும் காம்பொனென்ட்டுக்கு வெளியே வை, இல்லாவிட்டால் இரண்டு கதவிலும் பூட்டு தொங்கும்.

இப்போது இடிக்கும் விஷயம். சுவர் 230, வாசக்கால் 125 ஆழம். நீ வாசக்காலைத் தெருப்பக்கச் சுவர்முகத்தோடு ஒட்டி வைத்து, உட்பக்கம் 105 சுவரையும் வாசக்காலின் வெளிவளைவிலேயே வெட்டியிருக்கிறாய். கதவு உள்ளே திறக்கிறது. தொண்ணூறு பாகை திறந்ததும் கதவு பக்கச் சுவரை ஒட்டி நிற்கும். அங்கே சுவரின் வளைவு தாழ்ந்திருக்கிறது. கதவோ கீலிலிருந்து விலக விலக உயர்ந்துகொண்டே போகிறது. வெளிவளைவு 825 என்று வைத்துக் கணக்காகச் சொல்கிறேன்: கீலுக்கு நேர் மேலே சுவர் வளைவின் அடி, பிறப்புக் கோட்டுக்கு மேல் 106 மி.மீ.யில் இருக்கிறது. கீலிலிருந்து 105 தள்ளி, அதாவது சுவர் முடியும் விளிம்பில், கதவின் உயரம் 117. 11 மி.மீ. இடிக்கிறது. இது திரையில் கண்ணுக்கே படாது. சுவருக்கு 15 மி.மீ. பூச்சு வந்தபின் வளைவு இன்னும் இறங்கி, இடிப்பது 33 மி.மீ.க்கும் மேல் ஆகிவிடும். அப்புறம் கதவின் தலையைச் சீவுவதைத் தவிர வழி இருக்காது. சீவினால் மூடும்போது மேலே சந்து தெரியும்.

வாசக்காலை வீட்டு உட்பக்கம் தள்ளி, உட்பூச்சின் முகத்தோடு சமமாக வை. கதவு திறக்கும் பக்கம் சுவரே இருக்காது. மிச்சச் சுவரின் ஆழம் தெருப்பக்கம் போய்விடும், ஐப்பசி மழைச்சாரலுக்கும் அது கொஞ்சம் மறைவு. வைத்த பிறகு ரொட்டேட் கருவியை நீல (செங்குத்து) அச்சில் பூட்டி, கீலின் மூலையில் வைத்து 90 கொடு. கதவின் நடுவில் வைத்துத் திருப்பினால் எதுவும் இடிக்காததுபோலக் காட்டி ஏமாற்றும்.

சுவரில் காம்பொனென்ட்டை ஒட்டினால் ஒரு முகம் மட்டும்தான் வெட்டுப்படும். சுவர் குரூப்பைத் திறந்து, அதன் முகத்தில் 825 வளைவை வரைந்து, புஷ்புல் கருவியால் 230 தள்ளு. மறுபக்கம் துளை தெரிந்தால் சரி.

இன்ஜினியரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். மற்ற ஜன்னல்களுக்கு 7 அடியில் லிண்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் உத்தரம், ஓடுகிறது. நம் வளைவு கிட்டத்தட்ட அந்த மட்டத்தில்தான் ஆரம்பமே ஆகிறது. வாசக்காலின் உச்சி 2475. ஆற்காட்டுப் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டின் வளைவு தன் மேலுள்ள சுவரைத் தானே தாங்கும், நம் மர வளைவின் மேல் அப்படி எதையும் ஏற்றக்கூடாது. அந்த இடத்தில் மட்டும் லிண்டலை உச்சிக்கு மேலே ஏற்றச் சொல். உன் மாடலில் லிண்டலையே காணோம், அதையும் ஒரு பெட்டியாக வரைந்துவிடு.

மரம்: வளைவை ஒரே பலகையில் அறுத்தால் 15 அங்குல அகலப் பலகை வேண்டும். அதில் ஓரங்களில் இழை குறுக்கே ஓடும், வேலூர் வெயிலில் காய்ந்து அங்கேதான் விரியும். மூன்று துண்டாகப் பிரி. ஒவ்வொன்றின் வெளிநீளம் சுமார் 502, அகலம் சுமார் 111. கூர்முனைக்கும் அறுவைக்கும் சேர்த்து 5-க்கு 5 அங்குலத் தேக்குக் கட்டை, 2 அடி நீளத்தில் மூன்று போதும். இணைப்புக் கோடுகளை மாடலிலும் போடு.

கீல் எல்லாம் நேர்ப்பகுதியில்தான் வரும், மேல் கீல் 2100-க்குக் கீழே. மேல் தாழ்ப்பாள் 24 அங்குலமாக இருக்கட்டும். உச்சி 2400 அல்லவா, குட்டையான தாழ்ப்பாளுக்கு அக்காவுக்குக் கை எட்டாது.

ஆசாரிக்குப் படத்தை அச்சடித்து அனுப்ப வேண்டாம், தாளில் அளவு சுருங்கிவிடும். மையம், 750, 762, 825, 759 என்ற நான்கு ஆரம், 2100 மட்டம், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. ஒரு ரீப்பர் சட்டத்தில் ஆணி அடித்து அவரே ஒட்டுப்பலகையில் வளைவு போட்டுக்கொள்வார். நிலை வைக்க நாள் குறிக்கும் முன்னால், கதவு திறந்த நிலையில் ஒரு படமும் எனக்கு அனுப்பிவை.

அன்புடன்,
அம்மா